எல்லா டெஸ்ட்டையும் ஒரே நாளில் எடுத்தால் நோயின் காரணம் தெரிந்துவிடுமா?

கேள்வி இரண்டாக வருகிறது. உடம்புக்கு என்ன, அது எதனால் வந்தது என்பதை மருத்துவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? இத்தனை கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதை விட, இருக்கிற டெஸ்ட் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் விஷயம் வெளியே வந்துவிடாதா?

இரண்டாவதற்குச் சுருக்கமான பதில்: வராது. அதோடு, இல்லாத நோய் நான்கு கூடவே வந்து நிற்கும். அது ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, கீழே சொல்கிறேன். டெஸ்ட்டுக்கு அனுப்பும் முன் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வேலையில் பெரும்பகுதி அங்கேதான் முடிகிறது.

1975-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. வெளிநோயாளிகளாகப் புதிதாக வந்த 80 பேர். பரிந்துரைக் கடிதத்தைப் படித்து நோயாளி சொல்வதைக் கேட்டதும் மருத்துவர் என்ன நினைத்தார், உடம்பைப் பரிசோதித்த பிறகு என்ன நினைத்தார், டெஸ்ட் முடிவுகள் வந்த பிறகு என்ன நினைத்தார் என்று தனித்தனியாகக் குறித்தார்கள். 66 பேருக்கு, கேட்டதும் எடுத்த முடிவே கடைசிவரை நின்றது. உடல் பரிசோதனையால் தெளிவானது 7 பேருக்கு, ஆய்வகத்தால் 7 பேருக்கு. அது ஸ்கேன் பரவலாகாத காலம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1992-இல் அமெரிக்காவில் இதே முறையில் 80 பேரைப் பார்த்தபோது 61 பேருக்கு நோயாளி சொன்னதே வழிகாட்டிவிட்டது.

சொல்வதைக் கேட்பது என்றால் "எத்தனை நாளாக?" என்று கேட்டுவிட்டு மருந்து எழுதுவதல்ல. வயிற்று வலியை எடுத்துக்கொள்வோம். எங்கே ஆரம்பித்தது, இப்போது எங்கே இருக்கிறது, திடீரென்று வந்ததா மெல்ல ஏறியதா, விட்டுவிட்டு வருகிறதா ஒரே சீராக இருக்கிறதா, எங்காவது பரவுகிறதா, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, வாந்தி முதலில் வந்ததா வலி முதலில் வந்ததா. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் உடற்கூறு இருக்கிறது.

குடல்வால் அழற்சியைப் பாருங்கள். குடல்வால் இருப்பது வலது அடிவயிற்றில். ஆனால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்குகிறது. குடல்வாலிலிருந்து வரும் உள்ளுறுப்பு நரம்புகள் தண்டுவடத்தில் போய்ச் சேருகிற அதே மட்டத்தில்தான் தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் நரம்புகளும் சேருகின்றன. வீங்கிய குடல்வால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. மங்கலான ஒரு வலி தொப்புள் பக்கம் தோன்றும். சில மணி நேரம் கழித்து அழற்சி வயிற்றின் உட்சுவர்ச் சவ்வைத் தொடும். அந்தச் சவ்வுக்கு இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் நரம்புகள் உண்டு. அப்போது வலி வலது பக்கம் இறங்கி, ஒரு விரலால் காட்டக்கூடிய இடத்தில் நிற்கிறது. "நேற்று ராத்திரி நடு வயிற்றில் வலித்தது, காலையில் இங்கே வந்துவிட்டது" என்று நோயாளி சொல்லும் ஒரு வாக்கியத்தில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. வலி வந்த பிறகு வாந்தி வந்தால் குடல்வால் மேல் சந்தேகம் கூடும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் முதலில் வந்து, வலி பின்னால் வந்தால் சாதாரணக் குடல் தொற்றின் பக்கம் சாயும்.

நோயாளி படுத்திருக்கும் விதமும் பேசும். சிறுநீரகக் கல் குழாயில் சிக்கியவர் ஒரு நிலையில் இருக்க முடியாமல் புரளுவார். வயிற்றுச் சவ்வில் அழற்சி உள்ளவர் அசையவே பயப்படுவார். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால்கூட வலிக்கிறது என்பார். குடல்வால் வழக்கமான இடத்தில் இல்லாமல் பெருங்குடலுக்குப் பின்னால் மடங்கியிருந்தால் இந்தப் பாடம் அப்படியே நடக்காது, வலி முதுகுப் பக்கம் தெரியலாம். பாடப்புத்தகக் கதை சொல்லாதவர்களும் நிறைய உண்டு. அவர்களில்தான் நோய் தவறிப்போகிறது.

என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்ற கேள்வியை நோயாளிகள் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். நோய்க்குக் காரணம் மருந்தாகவே இருப்பது அடிக்கடி நடக்கும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகளால் சிலருக்குச் சளியில்லாத வறட்டு இருமல் வரும். மருந்தை ஆரம்பித்த சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம்; அதனால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் அடங்கிவிடும், சிலருக்கு மூன்று மாதம் வரை இழுக்கும். அம்லோடிபின் சாப்பிடுகிறவருக்குக் கணுக்கால் வீங்கும். அதைப் புது நோயாக எடுத்துக்கொண்டு நீர் பிரியும் மாத்திரை கொடுத்தால், அதனால் பொட்டாசியம் குறையும், அதற்கு இன்னொரு மருந்து. மூன்று மாத்திரையில் இரண்டு, முதல் மாத்திரைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும். வலி மாத்திரை, மூலிகைப் பொடி, தூக்க மாத்திரை, வைட்டமின் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். "அது மருந்தில்லை" என்று விட்டுவிடுகிறவைதான் அதிகம் சிக்குகின்றன.

பட்டியல் எப்படி அமைகிறது

கேட்டுக்கொண்டிருக்கும்போதே மருத்துவரின் மனதில் ஒரு சாத்தியப் பட்டியல் ஓடும். அனுபவசாலிக்கு முதல் சில நிமிடங்களிலேயே நாலைந்து பெயர்கள் வந்துவிடும். மீதிக் கேள்விகள் அவற்றில் எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்பதற்காகத்தான். பட்டியலை இரண்டு வரிசையில் வைப்பார்கள். ஒன்று, இந்த வயது, இந்த அறிகுறி, இந்தச் சூழலில் அதிகம் வரக்கூடியது எது. மற்றொன்று, வர வாய்ப்பு குறைவாக இருந்தாலும் தவறவிட்டால் உயிர் போகக்கூடியது எது.

நெஞ்சு வலியில் இது நன்றாகத் தெரியும். தசைப் பிடிப்பும் வயிற்று அமிலம் மேலேறுவதும்தான் அதிகம். ஆனால் மாரடைப்பு, நுரையீரல் ரத்தக்குழாயை உறைந்த ரத்தக்கட்டி அடைப்பது, மகாதமனிச் சுவர் பிளப்பது, நுரையீரல் சுருங்கி மார்புக்குள் காற்று நிற்பது ஆகியவற்றை முதலில் விலக்கியாக வேண்டும். அதனால்தான் நெஞ்சு வலி என்று சொன்னால் 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அமில மருந்து குடித்ததும் வலி குறைந்தது என்பது இதயத்தை விலக்கும் சான்று ஆகாது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையில் குறைந்தது என்பது இதயம்தான் என்பதற்கும் சான்றல்ல. உணவுக்குழாய் இறுக்கமும் அதே மாத்திரையில் தளரும்.

உடல் பரிசோதனை இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு செய்வது. பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது என்று நான்கு. தட்டிப் பார்க்கும் முறையை வியன்னாவில் லியோபோல்ட் ஔவன்புருகர் 1761-இல் வெளியிட்டார். ஸ்டெதாஸ்கோப்பை லேனெக் 1816-இல் பாரிஸில் காகிதத்தைச் சுருட்டித் தொடங்கினார். இரண்டும் இன்றும் வேலை செய்கின்றன. நிமோனியாவில் கெட்டிப்பட்ட நுரையீரலைத் தட்டினால் மந்தமான ஒலி வரும். நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தாலும் மந்தமாகத்தான் வரும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? முதுகில் கையை வைத்துக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். கெட்டிப்பட்ட நுரையீரல் குரலின் அதிர்வை நன்றாகக் கடத்தும், கைக்கு அதிர்வு கூடித் தெரியும். நீர் இருந்தால் அதிர்வு தடைபடும், கைக்கு வராது. படமே இல்லாமல் இவ்வளவு சொல்லிவிடலாம். நீரின் அளவையும் ஊசி போட வேண்டிய இடத்தையும் அல்ட்ராசவுண்ட் இதைவிடத் துல்லியமாகக் காட்டும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது மூச்சு எண்ணிக்கை. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20. முழு நிமிடம் எண்ண வேண்டும். பல இடங்களில் எண்ணாமலே 18 அல்லது 20 என்று எழுதிவிடுவார்கள். எண்ணியிருந்தால் 28 என்று தெரிந்திருக்கும். ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே மூச்சு வேகமாவது, கடும் தொற்றின் முதல் அடையாளங்களில் ஒன்று. தலைசுற்றல் என்று வருகிறவருக்குப் படுத்த நிலையில் ஒரு முறை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒரு முறை அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் தலைசுற்றலுக்குக் காரணம் கிட்டத்தட்ட கையில் வந்துவிட்டது. செலவில்லாத டெஸ்ட், ஆனாலும் பலர் மூளை ஸ்கேனுக்குப் பிறகுதான் இதற்கு வருகிறார்கள்.

கணக்கு

எந்த டெஸ்ட்டும் "இருக்கிறது, இல்லை" என்று சொல்வதில்லை. ஏற்கெனவே இருந்த வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். எவ்வளவு என்பது, டெஸ்ட் எவ்வளவு நல்லது என்பதோடு, யாருக்குச் செய்கிறோம் என்பதையும் பொறுத்தது.

ஒரு டெஸ்ட் நோய் உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கிறது. நோய் இல்லாத 100 பேரில் 95 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைப்போம். நல்ல டெஸ்ட்தான். எந்த அறிகுறியும் இல்லாத 1000 பேருக்கு இதைச் செய்கிறோம். அவர்களில் 10 பேருக்கு நோய் இருக்கிறது. அந்தப் பத்தில் 9 பேருக்கு பாசிட்டிவ் வரும். மீதி 990 பேரில் 5 சதவீதம், ஏறத்தாழ 50 பேருக்கும் பாசிட்டிவ் வரும். ஆக 59 பாசிட்டிவில் உண்மையான நோயாளிகள் 9 பேர். ஆறில் ஒருவரைவிடக் குறைவு. இதே டெஸ்ட்டை, கேட்டும் பார்த்தும் "பாதிக்குப் பாதி இருக்கலாம்" என்று தோன்றுகிற 1000 பேருக்குச் செய்தால்? நோய் உள்ள 500-இல் 450 பாசிட்டிவ், இல்லாத 500-இல் 25. இப்போது பாசிட்டிவ் வந்தால் 100-க்கு 95 பங்கு உண்மை. கருவி ஒன்றே, ரசாயனம் ஒன்றே. மாறியது, டெஸ்ட்டுக்கு முன் நடந்த பேச்சும் பரிசோதனையும் யாரை உள்ளே அனுப்பின என்பது.

மறுபக்கமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. நோயாளியைப் பார்த்ததும் 100-க்கு 80 பங்கு இந்த நோய்தான் என்று தோன்றுகிறது. டெஸ்ட் நோயுள்ளவர்களில் 70 சதவீதத்தைத்தான் பிடிக்கும். இல்லாதவர்களில் 95 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். இப்படிப்பட்ட 1000 பேரில் நெகட்டிவ் வருபவர்கள் 430. அதில் 240 பேருக்கு நோய் இருக்கும். நெகட்டிவ் வந்த பிறகும் நோய் இருக்க வாய்ப்பு பாதிக்கு மேல். "டெஸ்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தும் ஏன் மருந்து எழுதுகிறார்?" என்று கோபப்படுகிறவர்கள் இந்த ஒரு எண்ணை நினைவில் வைக்கலாம்.

இப்போது "எல்லா டெஸ்ட்டும்" விஷயத்துக்கு வருவோம். ரிப்போர்ட்டில் அச்சிடும் இயல்பு வரம்பு பெரும்பாலும், ஆரோக்கியமானவர்களில் நடுவில் உள்ள 95 சதவீதத்தினரின் அளவு. ஆக, ஒரு டெஸ்ட்டில் ஆரோக்கியமானவர் 20 பேரில் ஒருவர் வரம்புக்கு வெளியே இருப்பார், வரையறையே அப்படி. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், முழு ஆரோக்கியமானவருக்கும் குறைந்தது ஒன்றாவது தடித்த எழுத்தில் வர வாய்ப்பு 64 சதவீதம். அந்த ஒன்றைத் துரத்தி இன்னொரு ஸ்கேன், அதில் ஏதோ ஒரு நிழல், அதற்கு ஊசி போட்டுச் சதை எடுப்பது என்று போகும். ஸ்கேனுக்கும் இதே கதிதான். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வந்த ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 30 சதவீதத்தினருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதத்தினருக்கும் முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருந்தது. படத்தில் வட்டு பிதுங்கியிருப்பதும் வலிக்குக் காரணம் அதுவே என்பதும் வேறு வேறு. வலி பரவும் பாதை, மரத்துப்போன இடம், பலம் குறைந்த தசை ஆகிய மூன்றும் படத்தில் உள்ள அதே நரம்போடு பொருந்தினால்தான் காரணம் என்று சொல்லலாம்.

எப்போது எடுக்கிறோம் என்பதும் முடிவை மாற்றும். டெங்குவுக்கு வைரஸின் என்எஸ்1 புரதத்தைத் தேடும் டெஸ்ட் காய்ச்சலின் முதல் சில நாட்களில் நன்றாக வேலை செய்யும். ஐஜிஎம் எதிர்ப்பொருள் டெஸ்ட் ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் நம்பத்தக்கது. இரண்டாம் நாளில் ஐஜிஎம் பார்த்து "டெங்கு இல்லை" என்பது தவறு. மலேரியாவுக்கு, கண்ணாடியில் தடவிப் பார்க்கும் ஒரு ரத்தப் படலத்தில் கிருமி தெரியாவிட்டால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மீண்டும் எடுத்து, மூன்று முறை பார்த்த பிறகே விலக்குவார்கள். மாரடைப்பில், சேதமான இதயத் தசையிலிருந்து கசியும் டிரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏற நேரமாகும். வலி தொடங்கிய உடனே எடுத்த ஒரே ஒரு நெகட்டிவ் போதாது, கருவியின் நுணுக்கத்தைப் பொறுத்து 1 முதல் 6 மணி நேரத்துக்குள் மறுபடி எடுத்து ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ள பலருக்கு அது எப்போதும் சற்று உயர்ந்தே இருக்கும். அவர்களுக்கு எண்ணைவிட எண்ணின் நகர்வு முக்கியம். ரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரை ஆன்டிபயாட்டிக் போடும் முன் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒவ்வொரு புட்டியிலும் 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். ஒரு மில்லியில் ஒரு கிருமிகூட இல்லாத தொற்றுகள் உண்டு என்பதால் 3 மில்லி ஊற்றி அனுப்பினால் வெறுமையாகத்தான் திரும்பும்.

ஆய்வகத் தவறுகளில் பெரும்பாலானவை கருவிக்குள் நடப்பவை அல்ல, ரத்தம் கருவிக்குப் போவதற்கு முன் நடப்பவை. சிவப்பணுக்களுக்குள் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. மெல்லிய ஊசியில் வேகமாக உறிஞ்சி அணுக்கள் உடைந்தால் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஆபத்தான அளவில் வரும், நோயாளி நன்றாக உட்கார்ந்திருப்பார். ஊதா மூடிக் குழாயில் உள்ள உறைதடுப்பு மருந்து ஒரு துளி மற்றக் குழாயில் கலந்தால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் விழும்; இரண்டும் சேர்ந்து வினோதமாக வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரைக்கான ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் எடுத்துப் பிரிக்காமல் வைத்தால், அணுக்களே சர்க்கரையைத் தின்று மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். முடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, சில வகைக் கருவிகளில் தைராய்டு அளவைத் தலைகீழாகக் காட்டி, இல்லாத தைராய்டு மிகைப்பை உண்டாக்கும். டிரோபோனினைக் குறைத்தும் காட்டும். டெஸ்ட்டுக்கு முன் இரண்டு, மூன்று நாள் நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

காரணத்துக்குக் காரணம்

நோய்க்குப் பெயர் வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய பிழை. ரத்தசோகையை வைத்து இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

55 வயது ஆண், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 9 கிராம். ஆணுக்கு 13-க்குக் கீழ் இருந்தாலே ரத்தசோகை. மூச்சு வாங்குவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் ரத்தசோகை ஒரு அறிகுறி மட்டுமே. அடுத்துப் பார்க்க வேண்டியது சிவப்பணுவின் சராசரிக் கன அளவு, ரிப்போர்ட்டில் எம்சிவி என்று இருக்கும். 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் இயல்பு. 100-க்கு மேல் போனால் பி12, ஃபோலேட் குறைவு, மது, கல்லீரல் நோய், தைராய்டு மந்தம் என்று தேட வேண்டும். இவருக்கு 68. அணு சிறுத்திருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவா, பரம்பரையாக வரும் தலசீமியா கூறா?

இங்கே ஒரு எளிய கணக்கு உதவும். எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுக்க வேண்டும். விடை 13-க்கு மேல் என்றால் இரும்புக் குறைவின் பக்கம், 13-க்குக் கீழ் என்றால் தலசீமியா கூறின் பக்கம். தலசீமியா கூறில் அணுக்கள் சிறியவை, ஆனால் எண்ணிக்கை அதிகம். இரும்புக் குறைவில் எண்ணிக்கையும் குறையும். இவருக்கு எண்ணிக்கை 3.9 மில்லியன், 68-ஐ 3.9-ஆல் வகுத்தால் 17-க்கு மேல். அடுத்து, உடம்பில் சேமித்த இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின். 15-க்குக் கீழ் இருந்தால் இரும்பு தீர்ந்துவிட்டது என்பதில் சந்தேகம் வேண்டாம். பலர் 30-ஐயே எல்லையாக வைப்பார்கள். ஃபெரிட்டினுக்கு ஒரு கெட்ட பழக்கம்: உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் அது தானாக ஏறும். மூட்டு வாதமோ நீடித்த தொற்றோ உள்ளவருக்கு 60 என்று வந்தாலும் இரும்பு போதுமானது என்று சொல்ல முடியாது. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்னொரு கண்ணி: இரும்பும் பி12-உம் ஒன்றாகக் குறைந்தால் ஒன்று அணுவைச் சிறிதாக்கும், மற்றது பெரிதாக்கும், சராசரி 88 என்று அழகாக வரும். அணுக்களின் அளவு வேறுபாட்டைக் காட்டும் ஆர்டிடபிள்யூ உயர்ந்திருப்பதும், ரத்தப் படலத்தை நேரில் பார்ப்பதும்தான் காட்டிக்கொடுக்கும்.

சரி, இவருக்கு ஃபெரிட்டின் 8. இரும்புக் குறைவு உறுதி. இரும்பு மாத்திரை எழுதி அனுப்பிவிடலாமா? அனுப்பினால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறும், மூச்சு வாங்குவது நிற்கும், நோயாளி நன்றி சொல்வார். குடலில் ஒரு புற்று சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தால் அது ஒரு வருடம் கழித்து வெளியே வரும். வளர்ந்த ஆணுக்கும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்பு காரணமில்லாமல் குறையாது. பெரும்பாலும் ரத்தம் எங்கோ போகிறது. ஆகவே வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது, கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, வலி மாத்திரை, ஆஸ்பிரின் விசாரிப்பு, கொக்கிப் புழு உள்ள பகுதியென்றால் மலப் பரிசோதனை என்று தொடர வேண்டும். வயிற்றில் புண் இருந்தால் அங்கேயும் நிறுத்தக்கூடாது, புண்ணுக்குக் காரணம் வேண்டும். மன அழுத்தமும் அமிலமும்தான் காரணம் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் காட்டினார்கள். நம்பாதவர்களுக்காக 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக்கொண்டார். 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியைக் கண்டு ஒழித்தால் புண் பெரும்பாலும் திரும்பாது. அமில மாத்திரை மட்டும் கொடுத்தால் நிறுத்தியதும் திரும்பும்.

மூச்சு வாங்குவது, ரத்தசோகை, இரும்புக் குறைவு, ரத்தக் கசிவு, புண், கிருமி: ஆறு படி. எந்தப் படியில் நின்றாலும் ஒரு பெயர் கையில் இருக்கும், எழுதுவதற்கு ஒரு மருந்தும் இருக்கும். வைத்தியத்தை மாற்றக்கூடிய படி இன்னும் கீழே இருக்கும்வரை இறங்கிக்கொண்டே இருப்பதுதான் காரணம் தேடுவது.

மருந்து கொடுத்துப் பார்த்து நோயை உறுதி செய்வதும் ஒரு முறைதான், ஆனால் வழுக்கும். வைரஸ் காய்ச்சல் தானாக இறங்கும் நாளில் ஆன்டிபயாட்டிக் உள்ளே போயிருந்தால் பெயர் அதற்குப் போகும். நிமோனியா என்று நினைத்து லெவோஃப்ளாக்சசின் வகை மருந்து கொடுத்தால் காசநோயும் கொஞ்சம் அடங்கும், கண்டுபிடிப்பது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். கழுத்தில் நெறிகட்டியவருக்குச் சதை எடுத்துப் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால், நிணநீர்ப் புற்றாக இருந்தாலும் கட்டி சுருங்கும். பிறகு எடுத்த சதையில் படிக்க ஒன்றும் இருக்காது. மருந்தைச் சோதனையாகக் கொடுத்தால், எத்தனை நாளில் எது எவ்வளவு மாற வேண்டும் என்று முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். இரும்பு என்றால் 2 முதல் 4 வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம். ஏறவில்லையா, மாத்திரை சாப்பிடவில்லை, உறிஞ்சவில்லை, கசிவு தொடர்கிறது, அல்லது நோயே வேறு.

மருத்துவர்கள் தவறுவது பெரும்பாலும் அறிவுக் குறைவால் அல்ல. முதலில் பொருந்திய விடையோடு தேடலை நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. அடுத்தது ஒட்டிக்கொள்ளும் பெயர்: ஒரு சீட்டில் "பதற்றம்" என்று யாரோ எழுதிவிட்டால் அடுத்த மூன்று பேரும் அதையே நகலெடுப்பார்கள், மூச்சு எண்ணிக்கையை யாரும் எண்ண மாட்டார்கள். இதற்கு மருந்து ஒரு கேள்விதான்: "இந்த முடிவோடு பொருந்தாமல் நிற்பது எது?" நோயாளியும் இதைக் கேட்கலாம். "வேறு என்னவாக இருக்க வாய்ப்பு உண்டு? எது நடந்தால் நான் உடனே திரும்பி வர வேண்டும்?" என்று கேட்டால் நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். எல்லா அறிகுறிக்கும் ஒரே நோயைத் தேடுவது இளம் வயதினருக்குப் பெரும்பாலும் சரிவரும். எழுபது வயதுக்காரருக்கு மூன்று நோய் ஒரே நேரத்தில் இருப்பது சகஜம்.

சில சமயம் எல்லாம் செய்தும் காரணம் கிடைக்காது. 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேல், மூன்று வாரம் தாண்டியும் காரணம் தெரியாத காய்ச்சல் என்று 1961-இலேயே தனி வகை வகுத்துவிட்டார்கள். அங்கே புதுப் புது டெஸ்ட்டைக் கூட்டுவதைவிட, மறுபடி முதலிலிருந்து கேட்பதும், தினமும் உடம்பைப் புதிதாகப் பார்ப்பதும் பலன் தருகின்றன. முதல் வாரத்தில் இல்லாத தோல் தடிப்பு, நெறி, இதய முணுமுணுப்பு மூன்றாம் வாரத்தில் வரலாம். கடைசிவரை காரணம் கிடைக்காதவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் தானாகவே விட்டுவிடுகிறது.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் தேதி வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள்: எது முதலில் வந்தது, எது அடுத்து, எந்த மருந்து எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எடை எவ்வளவு இருந்து எவ்வளவு ஆனது. முயலாமலே 6 முதல் 12 மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்திருந்தால் அது தனியாக விசாரிக்க வேண்டிய விஷயம். சாப்பிடும் மருந்துகளின் அட்டைகளை அப்படியே பையில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய இசிஜியும் பழைய எக்ஸ்ரே படமும் இருந்தால் கட்டாயம் வேண்டும், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. இன்று நுரையீரலில் தெரியும் ஒரு சிறு கெட்டி நிழல் இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே அளவில் இருந்தால், அது பெரும்பாலும் பழைய தழும்புதான். அந்தப் படம் வீட்டு அலமாரியிலேயே இருந்துவிட்டால் அதே நிழலுக்காக சிடி ஸ்கேனும், சில சமயம் ஊசி போட்டுச் சதை எடுப்பதும் தேவைப்படும்.